அறுபதும் அறுபத்தொன்றும்

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஸ்வெட்டர் கையைக் கேட்காமலே பிடித்து, இரண்டு கட்டைவிரல்களாலும் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கிறார் ஆரோக்கியதாஸ். துணி நீண்டு, விட்டதும் சுருங்கினால் அவர் முகம் மலர்கிறது. "பின்னலு. அறுவதாவது அத்தியாயம்." நீளாவிட்டால், "நெசவுத் துணி. அறுவத்தொண்ணு." பக்கத்து ஆள் முறைத்தால், "கோவிச்சுக்காதீங்க, நம்ம சோலியே இதானுங்க" என்று கசங்கிய கையைத் தடவிச் சரிசெய்வார்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் அலுவலகத்தில் அவர் கிளார்க். வெளிநாட்டுச் சபைகள் ஏழைகளுக்கு அனுப்பும் உடுப்பு மூட்டைகள் தூத்துக்குடியில் வந்து இறங்கும். உள்ளே இருப்பது பின்னலா நெசவா என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வைப் புத்தகத்தின் அத்தியாய எண் போட்டு, சுங்கத்தாருக்குப் பட்டியல் எழுதுவது அவர் வேலை. பத்து வருடத்தில் அவருடைய பட்டியல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. புத்தகத்தைத் திறப்பதையே அவர் விட்டுவிட்டார். "ஜெபம் மறந்தாலும் மறக்கும், இது மறக்காது."

வீட்டிலும் அப்படித்தான். கொடியில் காய்ந்த துணியைக்கூட இரண்டு கட்டாகப் பிரித்துத்தான் மடிப்பார்.

"என் சடையும் பின்னலுதான். அதுக்கு என்ன நம்பரு?" என்பாள் மனைவி சூசையம்மாள்.

அவர் சிரிக்கமாட்டார். "மனுச முடிக்கு வேற அத்தியாயம்டி."

எண்பத்தாறு நவம்பரில், அந்த வருடத்தின் முதல் மூட்டையைத் தூத்துக்குடியில் நிறுத்திவிட்டார்கள். கொடைக்கானல் மேல்மலையில் போளூர்ப் பக்கம் குடியேறிய இலங்கைத் தோட்டக் குடும்பங்களின் குழந்தைகளுக்கான ஸ்வெட்டர்கள் அதில் இருந்தன. பட்டியலும் சரக்கும் ஒத்துப்போகவில்லையாம்.

மிஷனை நடத்தும் ஃபாதருக்கு வந்ததே கோபம்! "தாஸ் லிஸ்ட்ல தப்பா? காட்டமா ஒரு லெட்டர் அடிங்க. டெல்லிக்கே காப்பி போகட்டும்!" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார்.

பாதிக் கடிதம் அடித்தபோது, சட்டத்தையே மேற்கோள் காட்டினால் என்ன என்று ஆரோக்கியதாஸுக்குத் தோன்றியது. ஒன்பது மாதமாகக் கட்டுப் பிரிக்காமல் கிடந்த புதுத் தீர்வைப் புத்தகத்தைப் பிரித்தார். பிப்ரவரியிலேயே எண்கள் மாறியிருந்தன. பின்னல் உடுப்பு இப்போது அறுபத்தொன்று. நெய்த உடுப்பு அறுபத்திரண்டு. அறுபதில் இருந்தது வெறும் பின்னல் துணி. அதில் உடுப்பே இல்லை.

பிழையை ஒப்புக்கொண்டு எழுதினால் மூட்டை ஒரு வாரத்தில் மலையேறிவிடும். சண்டைக் கடிதம் போனால், விசாரணை முடிந்து வருவதற்குள் தை மாதத்து உறைபனியே கழிந்துவிடும். ஆனால் பத்து வருடப் பெயர் காப்பாற்றப்படும். யார் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? அவர் அதை மெல்ல மூடினார். டைப்ரைட்டர் மறுபடியும் தட்டத் தொடங்கியது.

வாசலில் நிழல் விழுந்தது. சின்னத்தாய். இலங்கையில் மஸ்கெலியாவில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள், இப்போது போளூரில் உருளைக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறாள். இடுப்பில் பெண் குழந்தை, சாக்குத் துண்டுக்குள் இருமிக்கொண்டிருந்தது.

"கம்பளிச் சட்டை வந்திருச்சுங்களா ஐயா? தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்பகூட இப்பிடிக் குளிரைப் பார்த்ததில்லைங்க."

"தூத்துக்குடியில கெடக்கும்மா. நம்பரு தப்பாம்."

"தப்பா எழுதுனவுக அங்கனதான் இருக்காகளா? நான் வேணும்னா போயி கால்ல விழுந்து கேட்டுப் பாக்கவாங்க ஐயா?"

அவள் குரலில் கோபமே இல்லை. வழிகேட்பவள் போலக் கேட்டாள்.

ஆரோக்கியதாஸ் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். பாதி அடித்த கடிதத்தை இயந்திரத்திலிருந்து உருவி எடுத்தார். புதுத் தாள் ஒன்றைச் செருகி, நின்றபடியே குனிந்து, முதல் வரியில் தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.