எகிப்துக்குப் போன கழுதை

நாங்கள் குடிவந்த வெக்ஸ்போர்டில் பழைய சாமான் கடையொன்றின் கண்ணாடி அலுமாரிக்குள் எங்கள் பயண மாதா நின்றார். தலையில் கிரீடம், நீல அங்கி, கையில் உலக உருண்டை, காலடியில் வெள்ளைக் குதிரை. பக்கத்தில் இன்னும் மூன்று பீங்கான் பெண்கள், ஒட்டகத்தோடும் சிங்கத்தோடும் முதலையோடும்.

"எங்கட வீட்டு மாதா" என்று மகளுக்குக் காட்டினேன்.

இதே மாதிரி ஒற்றைப் பொம்மையொன்றை அப்பா கொழும்பில் ஏதோ ஏலத்தில் எடுத்திருந்தார். அம்மா அதைப் பங்குச் சுவாமியாரிடம் மந்திரித்து வாங்கி, யாழ்ப்பாணத்து வீட்டின் சுரூபத் தட்டில் வைத்தார். மாதாவுக்கு ஏன் குதிரை என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன்.

"உது குதிரையில்லை மோனை. குழந்தை யேசுவோட எகிப்துக்கு ஓடேக்க போன கழுதை."

அண்ணை, கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு பிரான்சுக்குப் புறப்பட்ட பிறகு, அந்தக் கழுதையின் கழுத்தில் தினமும் புதுப் பூ இருந்தது. மெழுகுதிரி மணக்கும் அறையில் அம்மா முழங்காலில் நின்று மன்றாடுவார்.

"தாயே, என்ரை பிள்ளை உம்மை நம்பித்தான் வெளிக்கிட்டவன். அவனை ஏற்றுக்கொள்ளும்."

வழியில் உக்ரேனிலிருந்து அண்ணை ஒரு தடவை போன் எடுத்தார். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அம்மா சாகும்வரை அதே மன்றாட்டுத்தான்.

மகள் குனிந்து பொம்மையின் அடியில் எழுதியிருந்ததை வாசித்தாள்.

"அம்மா, இது மாதா இல்லை. ஃபோர் கொன்டினென்ட்ஸ், நாலு கண்டங்களாம். குதிரையோட நிக்கிறது யூரப்."

எங்கள் வீட்டில் அந்த எழுத்தை உருகிய மெழுகு மூடியிருந்தது. அம்மா ஆள் மாறிக் கும்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணையை ஏற்றுக்கொள்ளச் சொல்லி, கேட்க வேண்டியவளிடம்தான் கேட்டிருக்கிறார்.