உடன் இருந்து உதவியவர்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அண்ணனின் பெருமைகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு மாதிரி வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரை அடுத்த குடிகாட்டில், விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பாவைச் சிறு வயதிலேயே இழந்தோம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சிப்காட் தொழிற்பேட்டையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி நினைத்தார். அண்ணிக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அங்கேயே குடிபோய், ஆஸ்பத்திரிகளின் பிரஷர் மெஷின், நெபுலைசர் போன்றவற்றைச் சரிசெய்து கொடுக்கும் சின்னக் கடை ஒன்றை வைத்தார். குழந்தை இல்லை. அண்ணியும் போன பிறகு, கடை எது வீடு எது என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒன்றாகிப்போயின.

தினமும் ஒரு முறை போன் செய்வார். அறுபது தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான்.

"சாப்ட்டியா பாப்பா?"

"ஆச்சுண்ணா. நீங்க?"

"ம், ஆச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அந்த 'ஆச்சு' உண்மைதானா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. தினமும் ஆறு வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்கள். அவருக்கோ கை நடுக்கம். கடலூரில் எங்கள் வீட்டில் அப்போது பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது, பெங்களூரில் இருக்கும் என் மகன் லீவில் வருகிறான் என்று.

"ஆளுங்க வேலைய முடிச்சதும் வந்துடறேண்ணா."

"நீ பாரு பாப்பா. ஒண்ணும் அவசரம் இல்ல."

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் ஏறவில்லை.

பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவரே விட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறார். புருவத்திலும் காதோரத்திலும் விழுந்ததுதான் அதிகம். மருந்து சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பழைய மூக்குக்கண்ணாடி பிரேம் ஒன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சின்னப் புனல் மாதிரி ஒன்றைப் பொருத்தினார். மருந்துப் பாட்டிலை அதில் தலைகீழாகச் செருகி, படுத்தபடியே பக்கத்தில் உள்ள பித்தானை அழுத்தினால் ஒரே ஒரு சொட்டு, நேராகக் கண்ணுக்குள். கை நடுங்கினாலும் பாட்டில் நடுங்காது. இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று சொன்னார். எவ்வளவு கெட்டிக்காரர் என் அண்ணன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை ஏன் செய்ய வேண்டியிருந்தது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்காரரிடம் அவரே பேசினார். அண்ணனிடம் சொன்னாராம்: "சார், உங்க ஒருத்தருக்கு சரியாயிருக்குன்னா அவுங்க ஒத்துக்க மாட்டாங்க. நான் சொல்ற பேஷன்ட்டுங்க, கூட ஆள் இல்லாம தானா விட்டுக்கிட்டோம்னு எழுதிக் குடுக்கணும். அப்புறந்தான் பிளாஸ்டிக் வார்க்கற அச்சு, லைசென்ஸ் எல்லாம்."

அதற்கு ஒரு படிவம் தயார் செய்யச் சொல்லி அண்ணன் என்னிடம் கேட்டார். நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், படிவத்துக்கு என்னை விட்டால் யார்? பெயர், வயது, எந்தக் கண், எத்தனை சொட்டு வீணானது, கடைசியாக 'உடன் இருந்து உதவியவர் பெயர், உறவு'. கீழே, கை போன போக்கில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.'

கடையில் உட்கார்ந்து கையாலேயே இன்னும் பல பிரேம்கள் செய்து, பையில் போட்டுக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன ஆட்களைத் தேடி ஊர் ஊராகப் போனார். "என்னா மாமா, கண்ணாடிக் கடை வெச்சிட்டீங்களா?" என்று நம் சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள். சொந்தத்தில், கண் ஆபரேஷன் ஆகி கம்மாபுரத்தில் தனியாக இருக்கும் நம் சித்தி மட்டும் ஒரு வாரம் தானாகவே விட்டுக்கொண்டு, "சூப்பரா இருக்குப்பா" என்றார். ஆனால் படிவத்தில் உதவியவர் பெயர் என்று மகன் பெயரை எழுதியிருந்தார்.

"அவன் துபாய்ல இல்ல இருக்கான், சித்தி?"

"அதுக்கு? காலியா வுடக் கூடாதுன்னு போட்டுக்கீதே. எனக்கு யாரும் இல்லன்னு என் கையாலயே எழுதித் தரச் சொல்றியா?"

எல்லாப் படிவங்களும் அப்படியே திரும்பி வந்தன. மகன், மருமகள், பக்கத்து வீடு என்று ஒரு கட்டம்கூடக் காலியில்லை. டாக்டரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும்தான் ஆள் இருக்கே சார், அப்புறம் இது யாருக்கு?" என்றாராம். கம்பெனிக்காரரும் பின்வாங்கிவிட்டார்.

அண்ணன் என்னைக் கோபிக்கவில்லை. "நீ போட்ட ரூலு நல்லா வேலை செஞ்சிருக்கு பாப்பா" என்று சிரித்தார். அந்தப் பிரேம்களைத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை நெஞ்சு வலி வந்தபோது, தானே தெருவுக்கு வந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஆட்டோக்காரர்தான் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார். அன்று நான் பஸ் ஏறினேன். போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்து கடையைக் காலி செய்யும்போது அந்தப் படிவக் கட்டு கிடைத்தது. முதல் படிவம் அண்ணனுடையது. வீணான சொட்டு: இல்லை. உடன் இருந்து உதவியவர்: என் பெயர். உறவு: தங்கை.

ஒரு சொட்டுகூட நான் விடவில்லை. அதற்கு முன்பே, துக்கத்துக்கு வந்தவர்கள், "கண்ணு ஆபரேசன் அப்ப தங்கச்சிதான் கூட இருந்து பாத்துக்கிச்சாம்" என்று பேசிக்கொண்டார்கள். யாரிடம் சொல்லியிருந்தாரோ, தெரியவில்லை. நானும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சவாரிக்குப் போகாமல் வாசலிலேயே காத்திருந்த ஆட்டோத் தம்பிக்கும், கடைசி நாட்களில் தினமும் இட்லி கொண்டுவந்து கொடுத்த எதிர் வீட்டு அம்மாவுக்கும், மறுபடியும் படிவங்களைப் பார்க்கச் சம்மதித்த டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலருக்குள் ஒரு படிவம் மடித்து வைத்திருக்கிறேன். கீழே இருந்த அந்தத் தடித்த வரியை எடுத்துவிட்டேன். பிரேம் பெட்டியை டாக்டரம்மாவிடமே கொடுத்திருக்கிறேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவரிடம் கேட்டு ஒரு பிரேம் வாங்கிப் போட்டுப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அண்ணன் செய்தது கடைக்கு வருமா வராதா என்பது இனி நம் கையில்தான் இருக்கிறது.

போன மாதம் எனக்கும் கண் ஆபரேஷன் நடந்தது. லீவு கிடைக்கவில்லை என்று மகன் போன் செய்தான். "படிவத்துல என் பேர போட்டுக்கம்மா, யாரு பாக்கப் போறாங்க" என்றான். அண்ணன் செய்த பிரேமை மாட்டிக்கொண்டு நானே மருந்து விட்டுக்கொண்டேன். படிவத்தை நிரப்பும்போது அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனும் அப்படி விட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.