நான் தறித்த பூவரச வேலி

1. அரிதட்டு இலைகள்

மார்கழி மாதம். மூன்று நாள் மழைக்கு வீட்டோடு இருந்துவிட்டு நாலாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனேன். கோவா இலைகள் மா அரிக்கிற அரிதட்டைப்போல ஓட்டை ஓட்டையாக இருந்தன. ஒன்றைப் பிரட்டிப் பார்த்தால் அடியில் பச்சைப் புழு. அடுத்ததிலும் புழு. ஆறு பரப்புக் காணியில் கோவா, அதாவது முட்டைக்கோசு, நட்டிருந்தேன். கோவா அப்போதுதான் உருளத் தொடங்கியிருந்தது. குருத்தைப் புழு தின்றுவிட்டால் பிறகு உருளாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பத்து வயதில் ஊரார் தோட்டங்களில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினேன். இன்றைக்கு இணுவிலில் எனக்குச் சொந்தக் காணி, சொந்தக் கிணறு, சொந்த லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். ஒருவரும் என்னைத் தூக்கிவிடவில்லை. வெங்காயமோ பீற்றூட்டோ, துரை வைத்தால் அது தனிதான் என்று சந்தையில் சொல்வார்கள். அது பொய்யில்லை. இப்படிப்பட்ட நானே ஒரு பெரிய பிழை விட்டேன். புதிதாகத் தோட்டம் செய்கிறவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் போகம் கோவா தப்ப வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது. விவசாயிகளான எங்கள் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எழும்பி நின்று, "வேலி இல்லாத தோட்டத்திலை பூச்சி இராது, தைக்குள்ளை வந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டிருந்தேன். சொன்னதை நம்பி இரண்டு பேர் தங்கள் வேலிகளையும் தறிக்கக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

2. ஆடியில் செய்த வேலை

என் காணியின் கிழக்கெல்லையில் வேலி எனக்கு உரித்து. பூவரசும் கிளுவையும் தடி வெட்டிக் கதியாலாக நட்டு வளர்ந்தது. இடையில் ஆடாதோடை. மேலெல்லாம் கொவ்வைக்கொடி. அகலம் ஒரு ஆள் படுக்கலாம். நிழல் இரண்டு நிரைக்கு விழும். இலை பிடுங்கினால் ஓணான் பாயும். புலுனிக் குருவிக் கூட்டம் விடிந்ததும் உள்ளே இருந்து கத்தும். இவ்வளவு உயிர் குடியிருக்கிற இடத்தில்தான் என் பயிரைத் தின்கிற பூச்சியும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வேலிக்கு அடுத்த காணி சாம் மாஸ்ரருடையது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து வெள்ளைச் சட்டையோடேயே புல்லுப் பிடுங்குகிற மனிதன். நான் கத்தியோடு போனதும் வந்தார்.

"என்ன துரை, முழுக்கத் தறிக்கப் போறீரோ?"

"ஓம் மாஸ்ரர். உதுக்குள்ளைதான் பூச்சி முழுக்கக் கிடக்கு. கொங்கிறீற்றுத் தூண் போட்டு முள்ளுக்கம்பி அடிக்கப் போறன்."

"உம்மடை வேலி, நீர் தறியும். நான் இனிக் குழைக்கு எங்கை போறது?"

அவர் பக்கம் சாய்ந்த கிளைகளை வெட்டித் தன் தோட்டத்துக்குப் பசளையாக மண்ணுக்குள் தாழ்ப்பது அவருடைய வழக்கம். "உங்கடை மற்றப் பக்க வேலியிலை வெட்டுங்கோ" என்றேன். அவர் திரும்பிப் போனார்.

ஐந்து நாளில் வேலி விறகாகிவிட்டது. கம்பி அடித்து முடிய என் மனைவி பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, மறியல்சாலை மாதிரிக் கிடக்கு" என்றாள். சிறைபோல இருக்கிறதாம்; அவளுக்கு அழகு விளங்காது என்று நினைத்தேன்.

3. மருந்து

மருந்தடிப்பதில் என்னைப்போல் ஆள் இல்லை. காற்றுப் பார்த்து, இலைக்கு அடியில் பிடித்து, ஒரு துளி வீணாகாமல் அடிப்பேன். புழுவைக் கண்ட அன்றே மருந்து டாங்கியைத் தோளில் மாட்டினேன். நாலு நாள் அடங்கியது. பிறகு முன்னையைவிடக் கூடுதலாக வந்தது. கடைக்காரத் தம்பி இன்னொரு போத்தலைக் காட்டினான்.

"அண்ணை, இதையும் சேத்து அடியுங்கோ. புழு துடிச்சுச் சாகும்."

இரண்டையும் கலந்து அளவுக்கு மேலாகவே அடித்தேன். புழு செத்தது. புள்ளிவண்டு, சிலந்தி எல்லாம் பாத்திக்குள் செத்துக் கிடந்தன. அவை செத்தால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாள் புதுப் புழுவோடு குருத்தில் அசுவினிப் பூச்சியும் வந்து அப்பியது.

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியை அரியாலையில் இருந்து ஸ்கூட்டியில் வருகிற ஒரு பிள்ளை. பாத்திக்குள் குந்தியிருந்து செத்த வண்டுகளை உள்ளங்கையில் பொறுக்கினாள்.

"ஐயா, இது அசுவினி தின்னிற வண்டு. இதையும் சேத்துக் கொன்றுபோட்டியள்."

"பிள்ளை, நீர் பிறக்க முதல் நான் கோவா நட்டவன்."

"ஓம் ஐயா, நட்டிருப்பியள். அப்ப வேலி நிண்டதோ?"

எனக்குக் கோபம் வந்தது.

4. இரண்டு கரை

அவள் போன பிறகு தோட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காக ஒருமுறை நடந்தேன். அதுவரை நான் தெருக்கரையின் கிழக்கு மூலையில் உள்ள வாசலால் வந்து, அழிந்த பக்கத்தையே பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றவன். மேற்குக் கரையில் ஒரு பாழ்வளவு இருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில். அது முழுக்கச் செடிகொடி மண்டிய பற்றை. அந்தக் கரையை ஒட்டிய நிரைகளில் இலைக்கு ஒன்றிரண்டு ஓட்டைதான். நடுவில் கூடியது. கம்பிக் கரையில் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரே நாற்று, ஒரே தண்ணீர், ஒரே மருந்து.

அடுத்த நாள் விடியவே போய் மேற்குக் கரையில் குந்தினேன். வெயில் ஏறியதும் பற்றைக்குள் இருந்து குளவி வந்தது. இலைக்கு அடியில் நுழைந்து, ஒரு புழுவைக் கடித்து உருட்டிக்கொண்டு திரும்பப் பற்றைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. புலுனிகள் இறங்கிப் பாத்தி பாத்தியாகக் கிளறின. ஆள் நடமாட்டம் கண்டால் ஒரே பாய்ச்சலில் பற்றைக்குள். தூர அவை வரவில்லை. ஒளிக்க இடம் எட்டத்தில் போகப்போக அவற்றின் துணிவு குறைந்தது. கம்பிப் பக்கமும் பார்த்தேன். தூணில் ஒரு கரிக்குருவி வந்து குந்தி ஒன்றிரண்டைப் பிடித்தது. அதற்குக் கூடு வைக்கக் கிளை இல்லை. போய்விட்டது.

என் தோட்டத்துக்குச் சம்பளம் கேட்காமல் வேலை செய்த ஆட்களை நானே கத்தி கொண்டு துரத்தியிருக்கிறேன். நாலாம் வகுப்புப் படித்தவனுக்கும் இது விளங்கியது.

அன்றே கலப்பு மருந்தை நிறுத்தினேன். போதனாசிரியை சொன்ன ஒன்றை மட்டும், கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் அடித்தேன். நானும் மனைவியும் நிரை நிரையாகப் புழு பொறுக்கினோம். கத்தி தீட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் போய், "பொறுங்கோ, நான் சொன்னது பிழை" என்றேன். அந்த வாக்கியம் என் வாயால் வருவதற்கு இரண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டியிருந்தது.

5. கதியால்

மாரி மழை இன்னும் முடியவில்லை. கதியால் நட்டால் வேர் பிடிக்கும். என்னிடம் ஒரு தடிகூட இல்லை. முற்றிய பூவரசும் கிளுவையும் நிற்பது மாஸ்ரரின் மற்றப் பக்க வேலியில். ஒருவரிடமும் கைநீட்டாமல் வளர்ந்தவன் நான். ஆனாலும் அவர் படலையில் நின்று கூப்பிட்டேன்.

"வாரும் துரை. கோவா எப்பிடி?"

"பாதி போச்சு மாஸ்ரர். கதியால் கொஞ்சம் வேணும். வேலியைத் திரும்ப வைக்கப் போறன்."

மாஸ்ரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதியால் எவ்வளவும் வெட்டும். ஆனா, எல்லைக்குக் கயிறு பிடிக்கேக்கை நானும் நிப்பன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆடியில் தூண் போடும்போது நான் கயிற்றை ஒரு சாண் அவர் பக்கம் தள்ளிப் பிடித்திருந்தேன். எங்கள் ஊரில் வேலி மாற்றுகிறவனுடைய கை எப்போதும் அடுத்த காணிப் பக்கம்தான் நீளும். பழைய அடிக்கட்டைகளைக் கிண்டி எடுத்துவிட்டதால் அத்தாட்சி இல்லை என்று நினைத்திருந்தேன். அவர் கண்டிருக்கிறார். ஐந்து மாதமாக வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் அவர் வர முதலே நான் தனியாகப் போய் எல்லைக் கல்லைத் தேடினேன். கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டி, மறு நுனியைப் பழைய வேலி நின்ற இடத்தில் கட்டினேன். என் தூண்களெல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம், அவர் மண்ணில் நின்றன.

மாஸ்ரர் வந்து கயிற்றையும் தூணையும் பார்த்தார்.

"கயிறு சரி. தூணை என்ன செய்யப் போறீர்?"

"கழட்டுறன் மாஸ்ரர்."

"முதலிலை உந்தக் கதியாலை நடும், காயப்போகுது" என்று சொல்லி, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் குழி தோண்ட அலவாங்கை எடுத்தார். அவர் குழி போட்டார், நான் நட்டேன். இடையில் அழகுக்கு நாலு செவ்வரத்தைப் பூச்செடி வைக்கப் போனேன். பார்க்க வந்த போதனாசிரியை தடுத்தாள். வெண்மூட்டுப் பூச்சி அதில் குடியிருந்து தோட்டத்துக்கு இறங்குமாம். தூணுக்கடியில் தானாக முளைத்திருந்த சுண்டங்கத்தரிச் செடியையும் பிடுங்கச் சொன்னாள். கத்தரிக்கு வருகிற நோய் அதில்தான் காத்திருக்குமாம். ஆகவே வேலியில் எல்லாமே நல்லது என்றும் நான் எழுதமாட்டேன்.

தையில் கமக்கார அமைப்பினர் பார்க்க வந்தார்கள். அழிந்த கிழக்குப் பக்கத்தால்தான் அவர்களை உள்ளே கூட்டிவந்தேன். மேற்குக் கரை வரைக்கும் நடத்திக் காட்டினேன். நான் அதிகம் கதைக்கவில்லை. இலைகளைப் பார்த்து அவர்களே விளங்கிக்கொண்டார்கள்.

கம்பியும் தூணும் கழற்றியாயிற்று. இப்போது வேலி தோளளவுக்கு வந்துவிட்டது. இன்றும் புழு வருகிறது. மருந்தும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை எடுக்க முதல் நிரை நிரையாகப் பார்க்கிறேன். வேலியோ பற்றையோ வெட்ட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வெயில் ஏறுகிற நேரம் அதன் முன்னால் போய்க் குந்துங்கள். உள்ளே இருந்து வருகிறது யார், உங்கள் பயிரில் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். நான் அதைப் பார்க்க ஒரு காலைதான் செலவானது. பார்க்காமல் விட்டதற்குப் பாதிக் கோவா போனது.