சீட் கிடைத்த மறுநாள்

முதலில் ஒரு வாக்குமூலம்: நான் ஒரு முட்டாள்.

இது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. இந்தப் பக்கத்தை வாராவாரம் திருப்புகிறவர்கள் என் முட்டாள்தனத்துக்குத்தானே சந்தா கட்டியிருக்கிறீர்கள்! ஆனால் இதுவரை இங்கே எழுதியதெல்லாம் சில்லறை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வந்த பிறகு 'இது நம்ம மாப்பிள்ளை இல்லையே' என்று எழுந்து வந்தேனே, அந்த மாதிரி. இப்போது செய்திருப்பது மொத்த வியாபாரம். கொச்சியின் மசாலாச் சந்தையான மட்டாஞ்சேரிக்காரன் அல்லவா?

மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண் விழித்துப் பார்க்கிறேன்... என் கட்டிலுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர், கையில் டேப்போடு குனிந்து நிற்கிறார். உயிரோடு இருக்கும்போதே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்களா?

"சேட்டா, கால் கொஞ்சம் மடக்கணும். சுவர் வரைக்கும் அளவு வேணும்" என்றார் அவர், மரியாதையாக.

மடக்கினேன். வேறென்ன செய்வது?

வந்தவர் ஆசாரி. அவர் பின்னால் எங்கள் வீட்டு உரிமையாளர் பரீது இக்கா, சிரித்த முகத்தோடு. சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பழைய ஓட்டு வீடு. கீழே அவர். மாடியில் நாங்கள்: நான், என் மனைவி லதா, மகள் மீனு. எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மாடிதான். பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் எடுத்து வியாபாரம் செய்தவர் என்பதால் இக்காவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். எங்களுக்குள் ஒருநாளும் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

முன் அறையில் மீனு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. தலையை நிமிர்த்தி, எதற்கு மாமா அளவு என்று கேட்டாள்.

இக்கா ஒளிவுமறைவு தெரியாத மனிதர். "ஹோம்ஸ்டேக்கு மோளே. உனக்கு லா காலேஜ்ல சீட் கிடைச்சா, மறுநாளே மாடி சாவி என் கையில தரேன்னு அப்பா வாக்கு சொல்லிருக்காரே. நல்லா படிக்கணும், கேட்டோ" என்றார்.

மீனு அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் இக்கா தயங்கித் தயங்கி மாடியேறி வந்தார். துபாயிலிருந்து மகள் பிள்ளைகளோடு திரும்பி வருகிறாள், இனிமேல் இங்கேதான், அவளுக்கு ஒரு பிழைப்பு வேண்டும், மாடியைச் சரிசெய்து வெளியூர்க்காரர்களுக்கு விடலாம் என்று பார்க்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்கு என்னிடம் என்றைக்கும் ஒரே பதில்தான் — தமாஷ்!

"இக்கா, மீனுவுக்கு லா காலேஜில் சீட் கிடைக்கட்டும். கிடைத்த மறுநாள் சாவி உங்கள் கையில்" என்றேன். வாக்கா என்றார். வாக்கு என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு ஒரே குஷி. ஏன் தெரியுமா? முந்தைய வருடமும் மீனு அந்தத் தேர்வை எழுதியிருந்தாள். ரேங்க் பட்டியலில் அவள் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு இரண்டு சாயா தேவைப்பட்டது. அவ்வளவு கீழே இருந்தது பெயர். பகலில் நான் வேலை பார்க்கும் மசாலாக் கம்பெனியில் மறுநாளே போய்ப் பெருமையடித்துக்கொண்டேன் — காலண்டரிலேயே இல்லாத ஒரு தேதியைக் கொடுத்து வீட்டுக்காரரை அனுப்பிவிட்டேன் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மீனுவுக்கு யாரும் இதை விளக்கவில்லை. வக்கீலாகப் போகிறவள், அவளே கூட்டிக் கழித்துக்கொண்டாள்.

"வராதுன்னு நினைச்ச நாளைத்தானே அப்பா கொடுத்தே?"

சும்மா தமாஷுக்குத்தான் என்று இழுத்தேன். சமையலறை வாசலில் நின்ற லதா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தமாஷா? யாரை வெச்சு?"

ஆசாரி டேப்பைச் சுருட்டினார்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மீனு வாரத்தில் சில நாள் போட்டில் எறணாகுளம் போய், பிராட்வே பக்கத்தில் ஒரு கோச்சிங் வகுப்பில் படித்துவிட்டு வருவாள். அன்றைக்குப் படித்ததில் ஒரு கேள்வியை ராத்திரிச் சாப்பாட்டில் எங்களிடம் வீசுவாள். இந்தத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. முதலில் ஒரு விதி கொடுப்பார்கள். பிறகு நடந்த சங்கதி. கொடுத்த விதியை நடந்த சங்கதியோடு பொருத்திப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். விதி அநியாயமாக இருக்கிறதே, அந்த ஆள் பாவமில்லையா, ஊரில் அப்படி நடக்காதே... மூச்! அதெல்லாம் பேசக்கூடாது.

இதில்தான் நான் தினமும் தோற்பேன்.

உதாரணமாக ஒரு நாள்: அனுமதி இல்லாமல் அடுத்தவர் இடத்துக்குள் நுழைவது அத்துமீறல். இது விதி. ஓடிப்போன தன் ஆட்டைப் பிடிக்க ஒருவர் பக்கத்துக் காம்பவுண்டுக்குள் குதிக்கிறார். அத்துமீறலா இல்லையா?

எங்கள் தெருவில் ஆடுகள்தான் ஆள்கின்றன. மனிதர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். ஆகவே நான் ஆட்டின் கட்சி. ஆட்டுக்கு அடுத்த வீடு, நம்ம வீடு என்று தெரியுமா, அது தனியாகப் பயந்து போயிருக்காதா என்று வாதாடினேன். மீனு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கேள்வியில இல்லாததை உள்ளே கொண்டு வராதே அப்பா."

தினமும் இதே தீர்ப்பு. லதா சரியாகச் சொல்வாள். நான் தப்பாகச் சொல்வேன். சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஆசாரி வந்து போன அன்று ராத்திரி கேள்வி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மீனு சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாம்பார் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றாள். சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், படிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்காமல் இருப்பதில் இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கம்பெனி நண்பர் ஒருவர் தைரியம் சொன்னார். சட்டப்படி வாடகைக்காரனை அப்படியெல்லாம் அசைக்க முடியாது, பேசாமல் இரு என்றார். சட்டம் என்று அவர் சொன்னதும் எனக்கு மகளின் முகம்தான் வந்தது. சட்டம் படிக்கத் துடிக்கும் ஒருத்தியின் அப்பா, அதே சட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதா?

வேறு வழி தேடினேன். இக்காவிடமே போய், அது தமாஷ் என்று ஒப்புக்கொண்டுவிடலாம். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து கீழ் வீட்டுக்குப் போனேன். மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தமாஷுன்னு எனக்குத் தெரியுமேடோ மணி. நீ வேற என்னதான் பேசியிருக்கே?"

அப்புறம் ஏன் ஆசாரியைக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டேன். என் வாக்கு தமாஷ் என்று தெரிந்த பிறகும்?

அவர் விரலை மேலே காட்டினார். எங்கள் மாடியின் தரை மரப்பலகை. அதுதான் அவருடைய கூரை. பலகை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது — போகிறது, திரும்புகிறது, போகிறது, திரும்புகிறது. மீனு நடந்துகொண்டே படிக்கிறவள். பலகை இடுக்கிலிருந்து பொடிப்பொடியாகத் தூசி அவர் மேசை மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"சுபஹு தொழுகைக்கு நான் எழுந்திருக்கும்போதே இந்த நடை தொடங்கியிருக்கும். போன வருஷம் இப்படி இல்லை. உன் வாக்கை நம்பியா ஆசாரியைக் கூப்பிட்டேன்? இதை நம்பிக் கூப்பிட்டேன்."

இதே நடைக்காகத்தான் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்!

மாடிப்படியில் பாதி ஏறி நின்றுவிட்டேன். ஒரே நடை. ஒரு பலகைக்குக் கீழே இருந்தவர் அதைக் கேட்டு ஹோம்ஸ்டேக்குத் திட்டம் போட்டார். பக்கத்து அறையில் இருந்தவன் பஞ்சு தேடினான். மகள் தினமும் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. கேள்வி இந்த வருடத்து மீனுவைப் பற்றியது. அதற்குள் போன வருட ரேங்க்கைக் கொண்டுவந்து வைத்தவன் நான்தான். கேள்வியில் இல்லாததை...

தமாஷ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு கதவு திறந்தே இருக்கும். மாட்டிக்கொண்டால், 'அட, சும்மா சொன்னேன்' என்று அதன் வழியாக வெளியே போய்விடலாம். நானும் ஆயுள் முழுக்க அந்தக் கதவைப் பூட்டியதே இல்லை. வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குக் குளிரும் என்று தோன்றியதும் இல்லை.

மறுநாள் ராத்திரி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கேள்வி வந்தது.

மீனு தோசையைப் பிய்த்தபடி ஆரம்பித்தாள். விதி: விளையாட்டாகச் சொன்ன வாக்கு செல்லாது. ஆனால் கேட்டவர் அதை ஏற்று ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், செல்லும். நடந்தது: ஒருவர் — பெயர் வேண்டாம் என்றாள் — வீட்டுக்காரருக்கு விளையாட்டாக ஒரு வாக்குக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் ஆசாரியைக் கூட்டி வருகிறார். வாக்கு செல்லுமா?

இப்படி ஒரு விதி நிஜமாகவே புத்தகத்தில் இருக்கிறதா, இல்லை எனக்கென்று அவளே தைத்ததா என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த ஒருவர் நல்லவர், கொஞ்சம் வாய்த்துடுக்கு, அவ்வளவுதான் என்று சொல்லவும் துடித்தது. லதா சட்னிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லும்" என்றேன்.

"சரி" என்றாள் மீனு. அடுத்த விள்ளலைப் பிய்த்தாள்.

இத்தனை மாதத்தில் நான் சொன்ன முதல் சரியான விடை. பரிசாக அந்த வீடு போகிறது!

அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கேள்விகள் திரும்ப வந்தன. ஆனால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொல்லப் போகும்போதெல்லாம் வாயில் ஒரு தமாஷ் வந்து உட்கார்ந்துகொண்டது. முழுங்கினேன். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில் அம்மாவும் மகளும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்கி வருகிறோம் என்று பள்ளுருத்திக்கு பஸ் ஏறினார்கள். படிக்க வேண்டிய நேரத்தில் என்ன ஜாக்கெட்? கேட்கவில்லை. என் வாயை நான் சந்தேகப்பட ஆரம்பித்திருந்த நாட்கள் அவை.

போன ஞாயிற்றுக்கிழமை தேர்வு. எறணாகுளத்தில் மையம். அப்பாவோ அம்மாவோ ஒருவர் கூடப் போகலாம் என்று முடிவானபோது லதா என்னைக் கைகாட்டினாள். மன்னிப்பா, தண்டனையா என்று தெரியவில்லை.

காலை முதல் போட். படகுத்துறையில் கூட்டமில்லை. மீனு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது. போட்டின் இஞ்சின் சத்தத்தில் எது பேசினாலும் பாதிதான் கேட்கும். எனக்கு அது வசதியாக இருந்தது.

"மீனு, உனக்கு சீட் கிடைக்கும்."

திரும்பினாள். "தமாஷா?"

"இல்லை."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். எங்காவது ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. பிறகு வெளியே பார்க்கத் திரும்பிவிட்டாள். ஆனால் தோளை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது போதும் எனக்கு. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் நான் எப்படி இந்தப் பத்தியை எழுதுவது?

"கிடைச்சுட்டா, மறுநாள் நாம எல்லாரும் எங்கேடி போறது?" என்றேன்.

அவள் திரும்பக்கூட இல்லை.

"பள்ளுருத்தியில வீடு பார்த்தாச்சு."