கூரை வரைக்கும் போகாத சுவர்

உங்கள் பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று, உங்கள் கட்டிலில் படுத்தபடியே உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியும், அல்லது முடிந்தது. கருவாடு என்றால் எங்கள் வெறுஞ்சோற்றிலேயே அந்த வாசம் ஏறிவிடும்; ரொட்டி என்றால் மாவைத் தட்டும் 'பட் பட்' சத்தத்திலேயே எத்தனை பேருக்குச் சுடுகிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடுவேன். திறமை ஒன்றுமில்லை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்த பழைய லயத்து வரிசையில், ஒரு குடும்பத்தின் காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு கை நீளத்துக்கு வெற்றிடம், அதற்கும் மேல் எல்லாருக்கும் பொதுவான தகரம். வெள்ளைக்காரன் கட்டும்போது செங்கல் தீர்ந்துபோயிருக்கும் என்று எங்கள் லயத்தில் ஒரு ஜோக் உண்டு. சொல்பவர்கள் சிரிப்பதில்லை.

பங்குனி பிறந்து, பனி விட்டு, மலை மறுபடி பச்சை கட்டத் தொடங்கியதும் நுவரெலியா டவுனில் 'சீசன்' வந்துவிடும். கொழும்பு ஆட்கள் பூப் பார்க்கக் காரில் வருவார்கள். எங்களுக்கு அது சுண்ணாம்பு சீசன். சித்திரைக்குள் யார் 'இஸ்தோப்பு'க்கு, அதாவது முன்பக்கத் தாழ்வாரத்துக்கு, சிமெந்து போடுவது, யார் பின்பக்கம் ஜன்னல் திறப்பது என்று லயம் முழுக்கத் திட்டம் ஓடும். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் ஒரு ஜன்னல் வைக்கவும் ஆபீசில் கேட்க வேண்டும். ஆகவே யாரும் கேட்பதில்லை. வருடப்பிறப்பு லீவில் ஆபீஸ் பூட்டியிருக்கும்போது வைத்துவிடுவார்கள், திரும்பி வரும் மேனேஜர் துரையும் அது எப்போதும் அங்கேயே இருந்ததைப் போலப் பார்த்துக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டுத் திட்டம் மட்டும் குவைத்திலிருந்து வரும். அம்மா அங்கே ஒரு வீட்டில் வேலை செய்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது போனவர். வெள்ளிக்கிழமை மட்டும் போன் பேச விடுவார்கள். எங்கள் காம்பராவில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் முன் ஜன்னல் கட்டை என்பதால் போனை அதன்மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நானும் அப்பாவும் சாமி கும்பிடுவதைப் போல முன்னால் நிற்போம். நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் பங்குனியில், அம்மா சித்திரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஏங்க, இந்த வருசம் அந்த மேச்சொவர அடைச்சிருங்க. நான் வந்தா நிம்மதியா நாலு வார்த்த பேசணும்."

"பேசுங்க மதினி, நாங்க ஒண்ணும் கேக்கல!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அது சரோஜா அத்தை. ரத்த சொந்தம் இல்லை, சுவர்ச் சொந்தம். அப்பா சிரித்தார், அத்தையின் புருஷன் ராசு மாமா சிரித்தார், குவைத்தில் அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அப்பா வரும் வரை நான் வீட்டில் தனி. அப்பாவுக்குக் 'கவ்வாத்து' வேலை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. அது முடிந்ததும் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நேரம் முழுக்க எனக்கு வீடாக இருந்தது அந்த ஒரு கை நீள வெற்றிடம்தான். அத்தை வீட்டு டிவியில் ஓடிய சீரியலை ஒருநாளும் பார்க்காமல் காதால் மட்டுமே பின்தொடர்ந்தேன். அதில் மருமகளின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அவள் அழுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவது தெரியும். அத்தையின் மகன் வரலாற்றுப் பாடத்தைக் கத்திக் கத்தி மனப்பாடம் பண்ணுவான், பின்னாளில் எனக்கு ஓ.எல். பரீட்சையில் வரலாற்றுக்கு ஏ வந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் அவன் தொண்டைதான், அவனுக்கு வந்தது சி. நடுவில் திடீரென்று கூரைப் பக்கமிருந்து அத்தையின் குரல் விழும்:

"பாப்பா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்த."

"பொய் சொல்லாத, மூடி தெறக்குற சத்தமே கேக்கலயே."

அடுத்த வெள்ளி போனில் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, சொவர அடைக்க வேணாம்."

"ஏன்டி?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அம்மா அங்கே உட்கார்ந்து அழுவார். சரோஜா அத்தையும் கேட்பார். கேட்டால், தாயில்லாமல் பிள்ளை கிடந்து தவிக்கிறது என்று லயம் முழுக்கப் பேச்சாகி, அது அப்பாவின் காதுக்குத் திரும்பி வரும். அந்தச் சுவரை ஏன் அடைக்கக் கூடாது என்று சொல்வதற்கே எனக்கு முதலில் ஓர் அடைத்த சுவர் தேவைப்பட்டது.

"காத்து வராதும்மா."

"கேட்டீங்களா கதய! இந்தக் குளுருல காத்து வேணுமாம் மகாராணிக்கு!"

"அப்பிடியே அவங்க அப்பன் மாதிரி" என்றது சுவர்.

பிறகு அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அங்கே அவர் படுப்பது சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் திறந்து, எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். "எனக்கு ஒரு முழுச் சொவரு வேணுங்க. வேற ஒண்ணும் கேக்கல." அதற்குப் பிறகு நான் காற்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அப்பா ஹட்டனில் பிளைவூட் வாங்கிவந்தார். எங்கள் லயத்தில் பொதுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் பக்கத்து வீட்டு ஆள் வந்து ஒரு கை பிடிக்க வேண்டும். அது சட்டமில்லை, மரியாதை. எனவே இந்தப் பக்கம் அப்பா ஸ்டூலில் நின்று ஆணி அடிக்க, அந்தப் பக்கம் ராசு மாமா மேசைமேல் ஏறிப் பலகை நகராமல் பிடித்துக்கொண்டார்.

"நேரா புடி மச்சான்."

"நேராத்தான் இருக்கு. ஒங்க சொவருதான் தண்ணியடிச்சிருக்கு."

"எங்களையே அடைக்கிறதுக்கு எங்க கையையே கேக்குறீங்களே அண்ணே!" என்றார் அத்தை. கடைசிப் பலகை பாதி ஏறியிருந்ததால் அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். ஆணி அடித்து முடிந்தது.

அந்தச் சித்திரைக்கு அம்மா வரவில்லை. அந்த வீட்டு மேடத்துக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, இப்போது விட முடியாது என்றுவிட்டார்களாம். புதுச் சுண்ணாம்பு வாசத்தோடு, ஒரு முழுச் சுவரோடு, நானும் அப்பாவும் பால்சோறு சாப்பிட்டோம்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போய்த் திரும்பிய முதல் நாள் சாவியைத் திருப்பிய சத்தமே பெரிதாகக் கேட்டது. சீரியல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பலகைக்குப் பின்னால் அது வெறும் 'உம்ம்ம்' என்று ஆகிவிட்டது. அந்த மருமகள் கடைசியில் புருஷனோடு சேர்ந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை மாறிவிட்டார் என்றெல்லாம் கதை விடமாட்டேன். முதல் வாரம் வாசலுக்கே வந்து சாப்பிட்டேனா என்று கேட்டார். ஆனால் கொழுந்தெடுத்துக் களைத்து வந்த மனுஷி செருப்பைப் போட்டு, நாலடி நடந்து, கதவைத் தட்டி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். சும்மா குரல் கொடுக்கக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மெல்ல மெல்ல அது நின்றது. ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "சத்தமில்லாம நல்லாத்தான் இருக்குல்ல பாப்பா?" என்று கேட்டார். "நல்லாருக்குப்பா" என்றேன். அந்த வாரக் கடைசியில் அவர் டவுனுக்குப் போய் ஒரு ரேடியோ வாங்கிவந்தார்.

அம்மா அடுத்த வருடம் லீவில் வந்தார். வந்ததும் பலகையைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சும்மா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பலகையை அந்த நிமிஷம் நான் மன்னித்துவிட்டேன். குவைத்துக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது, மழை கொட்டிய ஒரு பின்னேரம், அதே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அப்பாவிடம், குரலைத் தாழ்த்தாமல், அவர் ஆசைப்பட்ட அந்த நாலு வார்த்தையைப் பேசினார். இஸ்தோப்பை அறையாக்க வேண்டும், மகள் மேலே படிக்க வேண்டும், அதற்கு மறுபடியும் போய்த்தான் ஆக வேண்டும். லயத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு திட்டம்: இஸ்தோப்பு அறையானது, தரைக்கு டைல் வந்தது, தகரத்துக்குக் கீழே சீலிங் வந்தது. நான் மேலே படிக்கக் கேம்பசுக்குப் போனேன். சரோஜா அத்தை குடும்பத்துக்குத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் தனி வீடு கிடைத்து, சாமான்களை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த காம்பராவில் இப்போது யாரோ விறகு அடுக்கியிருக்கிறார்கள். சீசன் லீவுக்கு வந்திருக்கிறேன். இந்த வருடத் திட்டம் பின்பக்க ஜன்னல். வீடியோ காலில் அம்மா இடம் காட்டச் சொல்ல, அப்பா சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு, போதுமா, இன்னும் அகலமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் அம்மா குவைத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.