எட்டாம் நாளுக்கு மறுநாள்

திருவிழாவுக்குப் போய்விட்டு வருகிறவர்களின் புடவை கசங்கித்தான் இருக்கும். முந்தானை ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், கொசுவத்தில் யாரோ மிதித்த மண் இருக்கும், தலையில் வைத்த பூவில் பாதியைக் காணோம். ஹேமாவதியின் புடவை மட்டும் போன மடிப்போடு அப்படியே திரும்பி வரும். மாடி பால்கனியில் முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கும் பாலாம்பாள் மாமி இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்த வீடு ஹேமாவதியின் கணவன் லோகநாதனுடையது. சேலையூர் ஊராக இருந்த காலத்தில் அவன் அப்பா அங்கே நெல் போட்டார். அந்த நிலத்தில் இப்போது வீடும், கீழே சிமெண்டும் கம்பியும் விற்கும் கடையும் நிற்கின்றன. மாடியில் பள்ளிக்கூட டீச்சர் ரோஹிணியும் அவள் கணவனும், அவள் அம்மா என்றே கூப்பிடும் மாமியார் பாலாம்பாளும் குடியிருந்தார்கள்.

ஹேமாவதி எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள். கடைக்கு வருகிறவர்கள் "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டால்கூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் காட்டுவாள். கூட்டத்தில் நிற்பது அவளால் ஆகாத காரியம். யாராவது காலை மிதித்தால் "காலை எடுங்க" என்று சொல்ல நாக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களாக எடுக்கும்வரை நிற்பாள். ஆனால் பார்க்கிற ஆசை மட்டும் யாருக்கும் குறையாமல் இருந்தது. பட்டணத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று பேப்பரில் வந்தால் அதைத்தான் முதலில் படிப்பாள்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பினாள். கொடியேற்றி எட்டாம் நாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்பு கட்டுகிற நாளைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், மறுநாள்தான் முதல் நாள். ஹேமாவதி அதே கணக்கைப் போட்டாள். மயிலாப்பூரில் கொடியேற்றுகிற நாளே முதல் நாள் என்பது அவளுக்குத் தெரியாது. எட்டாம் நாள் என்று நினைத்து ஒன்பதாம் நாள் காலையில் போய் இறங்கினாள்.

மாட வீதியில் கூட்டமே இல்லை. மலைபோலக் குவிந்த தொன்னைகளையும் காகிதத் தட்டுகளையும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைச் செருப்புகள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. நீர்மோர்ப் பந்தலின் மூங்கிலை அவிழ்க்கிறவர்கள் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு பேசினார்கள். ஹேமாவதி ஒரு பாத்திரக் கடைப் படியில் உட்கார்ந்து மத்தியானம்வரை பார்த்தாள். கடைக்காரர் ஷ்யாம்சுந்தர் தண்ணீர் கொடுத்தார். நேற்று அவருக்குத் தலை சொறிய நேரமில்லை, இன்று போணியே இல்லை. அதனால் அவராகவே எல்லாம் சொன்னார். ஹேமாவதி தன்னை அறியாமல் கேள்வி கேட்டாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மறுநாள்தான் போனாள்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் தேர் முடிந்த மறுநாள், தரையில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த எலியேசர் என்பவரிடம், "இவ்ளோ மெழுகும் எங்கண்ணா போவுது?" என்று கேட்டாள். "மறுபடியும் மெழுகுவர்த்தியாத்தாம்மா வரும், வேற எங்க போவும்?" என்றார் அவர். புத்தகக் காட்சி முடிந்த மறுநாள் நந்தனத்தில், அட்டைப்பெட்டிக்குள் புத்தகங்கள் முதுகு மேலே தெரிய அடுக்கப்படுவதைப் பார்த்தாள். காணும் பொங்கலுக்கு மறுநாள் வண்டலூர் பூங்காவில், குரங்குகள் நேற்றைய கூட்டத்தைத் தேடிக்கொண்டு வேலியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும் என்று ஒரு துப்புரவுக்கார அம்மா சொன்னாள். போய்ப் பார்த்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

வீட்டில் லோகநாதன் எதையும் கேட்கமாட்டான். "இன்னா, திருவிழாவுக்கா? போய்ட்டு வா" என்பான். எந்தத் திருவிழா, எந்தத் தேதி என்று அவனுக்குத் தெரியாது. வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் "ஒனக்கு இன்னா தெரியும்" என்று முடித்துவிடுவான்.

மாடியில்தான் அவளுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. ரோஹிணி ஒருநாள் துணி காயப்போடும்போது, "அக்கா, அறுபத்து மூவர் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "வருஷா வருஷம் போறேன்" என்றாள் ஹேமாவதி. பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையிலிருந்து ரோஹிணி அவளைப் பெரிய ஆளாக்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது விழாவைப் பற்றிக் கேட்டால், "எங்க ஹவுஸ் ஓனர் அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்பாளாம். அதைக் கேட்டபோது ஹேமாவதிக்கு உள்ளே குளிர்ந்தது. மறுநாள் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் இந்த ஓர் இடமும் போய்விடும்.

போன வருஷம் பங்குனியில் ரோஹிணி இறங்கி வந்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன். அதுக்கு முன்னாடி அறுபத்து மூவரை ஒருதடவை பார்க்கணும்ங்கறா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"சரி" என்று சொல்லிவிட்டாள் ஹேமாவதி. மாட்டேன் என்று சொல்லப் பழகாத வாய்.

திருவிழா அன்று மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஹேமாவதி மயிலாப்பூர் குளத்து நிறுத்தத்துக்கு, "டேங்க் ஸ்டாப் மூணு" என்று கேட்டாள். கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்கு டேங்க் ஸ்டாப்பா? வண்டி மந்தவெளியோட கட்டும்மா, அதுக்கு மேல போவாது. எறங்கி நடந்துக்கினே போ. ஊருக்குப் புதுசா?"

ரோஹிணி திரும்பிப் பார்த்தாள். "அக்கா, போன வருஷமும் இப்படித்தான் நடந்தீங்களா?"

"ஊம்" என்றாள் ஹேமாவதி. எதற்கு ஊம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மந்தைவெளியில் இறங்கியதும் கூட்டம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. தெரு முனையில் ஒருவர் புளியோதரைத் தொன்னையைக் கையில் திணித்தார், அடுத்தவர் ரோஸ்மில்க். பாலாம்பாள் இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். மாட வீதி தெரிந்தது. ஆனால் அது ஹேமாவதிக்குத் தெரிந்த வீதியாக இல்லை. கடைகளின் பலகையெல்லாம் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.  யாரோ அவள் காலை மிதித்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கம்க்கா? அம்மாவால முடியலை" என்றாள் ரோஹிணி.

குப்பை எந்த வழியாகப் போகும் என்பது ஹேமாவதிக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் பாத்திரக் கடைக்காரர் அட்டைப்பெட்டிகளை வீதிப் பக்கம் போடமாட்டார், பின்பக்கச் சந்தில்தான் போடுவார். அந்தச் சந்தில் யாருமே இருக்கமாட்டார்கள். "இப்பிடி வாங்க" என்று பாலாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நுழைந்தாள். சந்து காலியாக இருந்தது. பாத்திரக் கடையின் பின்கதவைத் தட்டினாள்.

மோர்க் கரண்டியைக் கையில் வைத்தபடியே ஷ்யாம்சுந்தர் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, ஒருநாள் முன்னாடியே வந்துட்டீங்க?"

ஹேமாவதி தரையைப் பார்த்தாள்.

"முன்னாடியா?" என்றாள் ரோஹிணி. "திருவிழா இன்னைக்குத்தானே சார்?"

"திருவிழா இன்னைக்குத்தான். இவங்க வர்றது நாளைக்கு. வருஷா வருஷம் எல்லாம் கூட்டிப் பெருக்குற அன்னைக்குத்தான் வருவாங்க. நம்ம படியில உக்காந்து இது என்ன, அது என்னன்னு கேட்டு எனக்குப் பரீட்சை வெப்பாங்க."

 வெளியே மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ நீங்க அறுபத்து மூவரைப் பார்த்ததே இல்லையாக்கா?"

"இல்ல."

ரோஹிணியின் முகத்தில் கோபம் வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை. பாலாம்பாள்தான் சிரித்தார். கடைக்குள் இருந்த முக்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியும். திருவிழாவுக்குப் போறவா யாராவது இஸ்திரி கலையாம திரும்பி வருவாளோ? புடவைக் கடைக்குப் போறாளோ, தங்கை ஆத்துக்குப் போறாளோன்னு நினைச்சுண்டிருந்தேன். இப்படின்னு தோணலை."

"தெரிஞ்சுமா என்கூட வந்தீங்க மாமி?"

"என்னதான் பண்றேள்னு பார்க்க வேண்டாமா? ஆபரேஷனுக்கு முன்னாடி அதையும் பார்த்துடலாம்னுதான்."

ஷ்யாம்சுந்தர் நாற்காலியை முன்படியில் போட்டார். அண்டா வரிசைக்கு முன்னால், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பாலாம்பாள் உட்கார்ந்தார். ரோஹிணி பக்கத்தில் நின்றாள். ஹேமாவதி கடைக்குள்ளேயே டம்ளர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஹேமா, அங்கே என்ன? வந்து என் நாற்காலியைப் பிடிச்சுக்கோங்கோ. ஆடறது" என்றார் பாலாம்பாள். நாற்காலி ஆடவில்லை. ஹேமாவதி வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தபோது வீதியைப் பார்க்க முடிந்தது.

சுவாமி வந்தார், அம்பாள் வந்தாள். பின்னால் ஒரு பல்லக்குக்கு மூன்று நான்கு பேராக அடியார்கள் வந்தார்கள். எல்லாரும் கைகூப்பி மேலே பார்த்தார்கள். ஹேமாவதி கீழே பார்த்தாள். பல்லக்கு நின்றதும் தூக்கினவர்கள் ஆளுக்கொரு கவைக்கம்பைத் தார் ரோட்டில் ஊன்றி, பல்லக்குத் தண்டை அதன்மேல் சாய்த்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள். பங்குனி வெயிலில் தார் இளகியிருந்தது. கம்பை எடுத்தபோது வட்டமாக ஒரு குழி விழுந்திருந்தது.

"சார்" என்று அவள் திரும்பினாள். கூட்டத்துக்கு நடுவே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ரோடெல்லாம் வட்டம் வட்டமா பள்ளம் கீதே, அது எதனாலன்னு கேப்பேனே? நீங்க பந்தக்கால்னு சொன்னீங்க. பந்தக்கால் இல்ல சார். அதோ பாருங்க."

ஷ்யாம்சுந்தர் எட்டிப் பார்த்தார். "அட, ஆமாம். நான் மேலேயே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

ரோஹிணியும் குனிந்து பார்த்தாள். "நாளைக்கு நான் வந்தா இந்தப் பள்ளம் எது எங்கேன்னு காட்டுவீங்களாக்கா?"

"நாளைக்கு உனக்கு ஸ்கூல்" என்றார் பாலாம்பாள்.

வீடு திரும்பியபோது ஹேமாவதியின் முந்தானையில் ரோஸ்மில்க் கொட்டியிருந்தது, கொசுவம் பாதி அவிழ்ந்திருந்தது. கடை வாசலில் நின்ற லோகநாதன் பயந்துபோனான். "இன்னா ஆச்சு? பொடவ இப்பிடி கசங்கி கீது? யாராவது தள்ளி வுட்டாங்களா?"

"திருவிழாவுக்குப் போனேன்" என்றாள் அவள்.

"எப்பவுந்தான் போற."

இப்போதும் ஹேமாவதி எல்லா விழாக்களுக்கும் மறுநாள்தான் போகிறாள். விழா நடக்கிற அன்று ரோஹிணி போய்வந்து, மேலே என்னென்ன நடந்தது என்று சொல்கிறாள். பாலாம்பாளுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, கம்பை ஊன்றி நடக்கிறார். கூட்டத்தில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், மறுநாள் காலை பஸ்ஸில் இப்போது இரண்டு பேர் போகிறார்கள்.