கிரைண்டர் ஓடாத ஞாயிற்றுக்கிழமை

போன சனிக்கிழமை, ஒரு கேம் கன்சோலை மடியில் வைத்துக்கொண்டு வடவள்ளியிலிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போனேன். அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள்.

பக்கத்து சீட்டு அம்மா கேட்டார். "ஏனுங்க, மிக்ஸி ரிப்பேருங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டி என்று விளக்கி, 'யாரு விளையாடுவாங்க?' என்ற அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான்தான் விளையாடுவேன்.

பெட்டி என் மகனுடையது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனான். அங்கே போய் தனக்கொன்று வாங்கிக்கொண்டான். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு — அவனுக்கு அது மத்தியானம் — இன்டர்நெட் வழியாக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு ஆட்டம் ஆடுவோம். அவன் படகை ஓட்டுவான். ஓட்டை வழியாக உள்ளே வரும் தண்ணீரை நான் இறைத்துக் கொட்ட வேண்டும். அம்மாக்களுக்கு எந்த உலகத்திலும் இந்த வேலைதான் போலிருக்கிறது!

ஃபோனில் பேசினால் என்ன?

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"ஆச்சுங்கம்மா."

அப்புறம் இங்கே மழையா, அங்கே பனியா... இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். படகில் ஏறிவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவான். "அம்மா, தண்ணி! தண்ணி!" என்று கத்துவதற்கு நடுவில் ஆபீஸ், ரசத்தில் புளி கூடிப்போனது, என் முழங்கால் வலி எல்லாம் வந்துவிடும். அவன் அப்பா இறந்த பிறகு, என் வீட்டில் வாய்விட்டுப் பேச்சு நடப்பது வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான். அதனால் வெள்ளிக்கிழமை சும்மா போட்டுப் பார்த்த பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தபோது எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே அழுதேன்.

ஒரு வருஷமாகவே அது போட்ட கூச்சல் கொஞ்சமில்லை. உள்ளே இருக்கிற ஃபேன் அப்படி இரையும். காதில் மாட்டும் மைக் வழியாக அவனுக்கும் கேட்டிருக்கிறது. "என்ன சத்தம்ங்கம்மா?" என்றான் ஒரு நாள். 'ஃபேன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"கிரைண்டர் ஓடுது கண்ணு. பக்கத்து ஊட்டு அக்கா, மாடி ஊட்டுக்காரங்க எல்லாரும் வந்திருக்கறாங்க. சேர்ந்து மாவாட்டறோம்."

"அப்படிங்களா! நல்லதுங்கம்மா" என்றான். குரலில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காக வாரா வாரம் கிரைண்டரை ஓட விட்டேன். என் நிஜமான கிரைண்டர் சமையலறை மூலையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. ஒருத்திக்கு எவ்வளவு மாவு வேண்டும்?

காந்திபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முருகேசன் பெட்டியைத் திறந்தார். ஒரு பிரஷ்ஷால் உள்ளே தட்டினார். முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"உங்களுக்குத் திருப்பூருங்களாம்மா?"

"இல்லீங்க தம்பி, வடவள்ளி."

"நம்ப முடியலீங்களே. தூசியைப் பார்த்தே ஊரைச் சொல்லிப்போடுவனுங்க. மதுக்கரைன்னா சிமெண்டுப் பொடி. அன்னூர்ப் பக்கம்னா மண்ணு. இது பூரா பனியன் பஞ்சுங்க!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம் பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினேன். நான் தைத்த கவர். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில், ஓரத்தில் ஃப்ரில் வைத்து, மகன் பெயரின் முதல் எழுத்தைப் பூவேலை செய்தது. நம் ஊரில் மிக்ஸிக்குக் கவர், ஃப்ரிட்ஜுக்குக் கவர், ரிமோட்டுக்குக் கூடக் கவர். பிள்ளை விட்டுப்போன பொருளை மட்டும் அம்மணமாக வைக்க முடியுமா? ஆடும்போதுகூட அதைக் கழற்றியதில்லை.

முருகேசன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

"இது பழைய மாடலுங்கம்மா. சிப்பு பெருசு. நிறைய கரண்ட் குடிக்கும், குடிச்சதையெல்லாம் சூடாத்தான் வெளியே விடும். நீங்க அந்த வழியை அடைச்சுப்போட்டீங்க. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்புக்கு அடியில சால்டரிங் விட்டுப்போச்சு. ஒட்டிக் குடுத்தாலும் நாள் தாங்காதுங்க."

பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். அதே கன்சோல்தான், பிற்பாடு வந்த மாடல். பாதி கனம்கூட இல்லை.

"உள்ளே அதே மூளைதானுங்க. ஆனா பொடுசா செஞ்சுபோட்டாங்க. சிப்புக்குள்ள இருக்கறதெல்லாம் குட்டிக் குட்டி சுவிட்சுங்க. சுவிட்சு சின்னதாச்சுன்னா, போட்டு அணைக்கக் கொஞ்சம் கரண்டே போதும். கரண்ட் கம்மின்னா சூடும் கம்மி. ஃபேன் மெதுவா ஓடும், சத்தமே வராது. ஆயுசும் கூடுமுங்க."

"அதே படகு ஆட்டம் வருமா தம்பி?"

"அதே ஆட்டம், அதே வேகமுங்க."

"அப்போ இது கெட்டே போகாதா?"

"கவர் போட்டா எதுவா இருந்தாலும் கெட்டுப்போகுமுங்கம்மா!"

சின்னதானால் சூடு குறையும், சத்தம் குறையும், செலவு குறையும்... அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். குடும்பம் சின்னதானபோதும் இதெல்லாம் குறைந்தது. அதை முன்னேற்றம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு ஐந்து மணி. புதுப் பெட்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு அமைதி. படகு கிளம்பியது. நான் தண்ணீர் இறைத்தேன்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கறேன் கண்ணு."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டான். "அம்மா, லைன்ல இருக்கீங்களா? கிரைண்டர் சத்தத்தையே காணோமே. இன்னைக்கு யாரும் வரலீங்களா?"

சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன் — எழுந்துபோய், அந்தக் காலி கிரைண்டரின் சுவிட்சைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"யாரும் வரலை கண்ணு. எப்பவும் வந்ததில்லை. அது கிரைண்டரும் இல்லை... பழைய பெட்டியோட ஃபேன்."

அப்போதுதான், இத்தனை நாள் ஃபேன் இரைச்சலில் எனக்குக் கேட்காமலே போன ஒன்று கேட்டது. அவன் பக்கத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான். நாலு பசங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், எந்நேரமும் கூத்தும் கும்மாளமும்தான் என்று என்னிடம் சொல்லியிருந்தவன் அவன்.

"ஏன் கண்ணு, உன்ற ஊட்டுப் பசங்க எல்லாம் எங்கே?"

குழாய் நாலைந்து தடவை சொட்டியது.

"அவங்களும் உங்க கிரைண்டர் மாதிரிதானுங்கம்மா."

நான் தண்ணீர் இறைக்க மறந்துவிட்டேன். படகு மூழ்கிப்போனது. 'மறுபடி ஆட வேண்டுமா?' என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேருமே பட்டனைத் தொடவில்லை. இங்கே இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

புதுப் பெட்டிக்கு நான் கவர் தைக்கவில்லை.